ஸ்வால்பார்டில் படிவுப்பாறையியல் முனைவர் பட்ட ஆய்வு

ஸ்வால்பார்டு, நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஆர்க்டிக் தீவுக்கூட்டம். ஆறு, கடல், காற்று, பனிப்பாறை ஆகியவை சேர்த்த மணலும் சேறும் சுண்ணாம்பும் காலப்போக்கில் இறுகிப் படிவுப்பாறைகளாகின்றன. இப்பாறைகளை ஆராயும் துறை படிவுப்பாறையியல். இத்துறையில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் பல நாடுகளிலிருந்து ஸ்வால்பார்டுக்கு வருகின்றனர். பேரன்ட்ஸ் கடலடியில் ஆழப் புதைந்துள்ள அதே பாறை அடுக்குகள் இத்தீவுகளில் மலைச்சரிவுகளாக வெளித்தெரிவதே இதற்கு முதற்காரணம். கடலுக்கடியில் துளையிட்டும் அதிர்வலை அனுப்பியும் ஊகிக்க வேண்டியதை, இங்கு நடந்து சென்று அளந்து பார்க்க முடியும்.

அமைவிடம்

ஸ்வால்பார்டு வட அட்சரேகை 74° முதல் 81° வரை பரவியுள்ளது. இதன் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு பனிப்பாறைகளால் மூடப்பட்டுள்ளது. 1920-இல் பாரிஸில் கையெழுத்தாகி 1925-இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்டு உடன்படிக்கை, தீவுகளின் இறையாண்மையை நார்வேக்கு வழங்கியது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் குடிமக்களுக்கு அங்கு தொழில் செய்யும் சம உரிமையையும் அது தந்தது. அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஸ்வால்பார்டில் உள்ள நி-ஓலசுண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கி வருகிறது.

பேரன்ட்ஸ் கடற்படுகையின் வடமேற்கு மூலை மேலெழுந்து அரிக்கப்பட்டதால் உருவானதே இத்தீவுக்கூட்டம். மரங்கள் இல்லை, பயிரும் இல்லை. பனி மூடாத இடங்களில் பாறை அடுக்குகள் மண்ணோ காடோ மறைக்காமல் பல கிலோமீட்டர் தொடர்ச்சியாகத் தெரிகின்றன. ஆயினும் உறைபனி பாறையை உடைத்துக்கொண்டே இருப்பதால், சரிவுகளின் கீழ்ப்பகுதியைக் கல்குவியல் மறைப்பதும் உண்டு.

பாறை வரலாறு

டெவோனியன் காலத்தில் இந்நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தது. பின்னர் கண்டத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது. அந்தப் பயணத்தில் கடந்த காலநிலைகள் ஒவ்வொன்றும் பாறையில் பதிந்துள்ளன. டெவோனியன் ஆறுகள் சேர்த்த செம்மணற்கற்களில் பழங்கால மீன்களின் புதைபடிவங்கள் உள்ளன. கார்பனிஃபெரஸ் காலத்தின் தொடக்கத்தில் ஈரமான வெப்பமண்டலச் சதுப்புகள் நிலக்கரியாயின. அதன்பின் வந்த வறண்ட காலம் ஜிப்சத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் விட்டுச்சென்றது. பெர்மியன் கடல்கள் குளிர்ந்தபோது கடற்பஞ்சுகளின் சிலிக்கா முட்கள் கடினமான தீக்கல் அடுக்குகளாயின.

டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதியில் கரிமப்பொருள் செறிந்த கரும் களிப்பாறை படிந்தது. போட்னெஹையா எனப்படும் இத்தொகுதி, பேரன்ட்ஸ் கடற்பகுதியில் எண்ணெய் தரும் மூலப்பாறைகளுக்கு ஈடானது. அதற்குமேல், தென்கிழக்கிலிருந்து முன்னேறி வந்த மாபெரும் டெல்டாவின் மணற்கற்கள் அமைந்துள்ளன. ஜுராசிக் களிப்பாறைகளில் நீள்கழுத்துக் கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. முற்காலக் கிரெட்டேசியஸ் மணற்கல்லில் டைனோசர்களின் காலடித் தடங்கள் உள்ளன. அவை முதன்முதலில் 1960-இல் ஃபெஸ்ட்னிங்கனில் கண்டறியப்பட்டன. பிற்காலக் கிரெட்டேசியஸ் பாறைகளோ இங்கு முற்றிலும் இல்லை. அக்காலத்தில் நிலம் உயர்ந்து அரிக்கப்பட்டது. அந்த இடைவெளிக்கு மேலே பாலியோஜீன் காலத்து நிலக்கரியும் மணற்கல்லும் நேரடியாக அமர்ந்துள்ளன.

இஸ்ஃபியோர்டின் வாயிலில் உள்ள ஃபெஸ்ட்னிங்கன் கடற்கரையில் அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அங்கு சுமார் 7 கிலோமீட்டர் நடந்தால் கார்பனிஃபெரஸ் முதல் பாலியோஜீன் வரையிலான வரலாற்றைக் கடக்கலாம். இக்கடற்கரை 2003-இல் பாதுகாக்கப்பட்ட நிலவியல் இடமாக அறிவிக்கப்பட்டது.

ஆய்வின் தொடக்கம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அடோல்ஃப் எரிக் நூர்டென்ஷியோல்டு, ஆல்ஃபிரட் நாத்தோர்ஸ்ட் முதலான ஸ்வீடன் அறிஞர்கள் இத்தீவுகளின் அடுக்குகளை முறையாக ஆராய்ந்தனர். பின்னர் நார்வேயின் துருவ ஆய்வு நிறுவனம் நிலவியல் வரைபடங்களைத் தயாரித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹார்லண்டு பல பத்தாண்டுகள் ஆய்வுக்குழுக்களை வழிநடத்தினார். ஸ்வால்பார்டிலும் பிற இடங்களிலும் உள்ள பழம் பனிப்பாறைப் படிவுகளைக் கொண்டு, கேம்பிரியனுக்கு முன் உலகளாவிய பெரும் பனிக்காலம் ஒன்று இருந்தது என்று 1964-இல் அவர் வாதிட்டார். பூமி முழுவதும் பனியால் மூடப்பட்டிருந்தது என்னும் பிற்காலக் கருதுகோளுக்கு இந்த வாதம் அடித்தளமானது. இவருடைய ஸ்வால்பார்டு நிலவியல் தொகுப்பு நூல் 1997-இல் வெளிவந்தது.

ஸ்வால்பார்டு பல்கலைக்கழக மையம் லாங்யியர்பியென் நகரில் 1993-இல் தொடங்கப்பட்டது. இதனால் ஆண்டு முழுவதும் தீவிலேயே தங்கி ஆராயும் வாய்ப்பு பிறந்தது. ஆஸ்லோ, பெர்கன், டிராம்சோ, டிரோண்டெய்ம் ஆகிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் இது.

பட்ட ஆய்வின் அமைப்பு

இம்மையம் தானே முனைவர் பட்டம் வழங்குவதில்லை. ஆய்வாளர் நார்வேயின் பெருநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவுசெய்துகொண்டு, தீவில் பணியாற்றுவார். நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளர் பொதுவாக ஊதியம் பெறும் பணியாளர். ஆய்வுக்கு மூன்று ஆண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. கற்பித்தல் முதலான கடமைப்பணிகள் சேரும்போது அது நான்கு ஆண்டாகும். பாடநெறிகளுக்கு 30 மதிப்பலகுகள் தேவை. ஆய்வேடு பெரும்பாலும் ஆய்விதழ்க் கட்டுரைகளின் தொகுப்பாக, அவற்றை ஒன்றிணைக்கும் நீண்ட முன்னுரையுடன் அமையும். இறுதியில் ஆய்வாளர் கொடுக்கப்பட்ட தலைப்பில் ஒரு சோதனை விரிவுரை ஆற்றி, பொதுமக்கள் முன்னிலையில் எதிர்வாதிகளின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்.

களப்பணி

சரிவுகளில் பனி உருகி அடுக்குகள் தெரிவது ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். ஆண்டுக்குச் சில வாரங்களே கிடைப்பதால், எந்தச் சரிவு, எத்தனை மாதிரி, எந்தக் கேள்வி என்பதெல்லாம் முந்தைய குளிர்காலத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றன. கோடையில் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை லாங்யியர்பியெனில் சூரியன் மறைவதில்லை. எனவே நாளின் எந்த நேரத்திலும் வேலை செய்யலாம். மூடுபனியும் காற்றும் எப்போது இடம் தருகின்றன என்பதே முக்கியம். முகாமுக்குப் படகிலோ ஹெலிகாப்டரிலோ செல்வர். வசந்தத்தில் உறைந்த நிலத்தின் மீது பனிச்சறுக்கு ஊர்திகளில் சென்று, செங்குத்தான பாறைமுகங்களைத் தொலைவிலிருந்து படமெடுப்பதும் உண்டு.

துருவக்கரடி எங்கும் எதிர்ப்படலாம். குடியிருப்புக்கு வெளியே செல்வோர் கரடியை விரட்டும் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர்கள் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் ரைஃபிளும் கையாளப் பயிற்சி பெறுகின்றனர். முகாமைச் சுற்றி எச்சரிக்கைக் கம்பி கட்டி, உறங்கும் வேளையில் முறைவைத்துக் காவல் இருப்பர். நிலப்பரப்பின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாகவோ இயற்கைக் காப்பகமாகவோ இருப்பதால், அங்கு மாதிரி எடுக்க ஸ்வால்பார்டு ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

ஆய்வுமுறை

அடிப்படை வேலை, அடுக்குகளைக் கீழிருந்து மேலாக அளந்து பதிவதுதான். ஆய்வாளர் அளவுக்கோலுடன் சரிவில் ஏறி, ஒவ்வோர் அடுக்கின் தடிமன், துகள் அளவு, அலைத்தடம், குறுக்கடுக்கு, புழுத்துளைகள், புதைபடிவங்கள் ஆகியவற்றைத் தாளில் வரைகிறார். குறுக்கடுக்கின் சாய்வு பழைய நீரோட்டத்தின் திசையைக் காட்டும். இப்பதிவுகளிலிருந்து, அந்த இடம் ஆற்றுப்படுகையா, கடற்கரையா, ஆழ்கடற்சரிவா என்று தீர்மானிக்கப்படுகிறது. பின்பு பல சரிவுகளின் பதிவுகளை ஒப்பிட்டு, கடல் முன்னேறியதும் பின்வாங்கியதும் வரையப்படுகின்றன.

மணற்கல்லில் உள்ள சிர்கான் மணிகளின் வயதை யுரேனியம்–காரீய முறையில் கணித்தால், மணல் எந்த மலைத்தொடரிலிருந்து வந்தது என்பது புலப்படும். மகரந்தமும் வித்துகளும் அடுக்கின் காலத்தைச் சொல்லும். கார்பன் ஐசோடோப்பு அளவுகள் பழங்காலநிலையின் மாற்றத்தைக் காட்டும். அண்மைக் காலத்தில் டிரோன் படங்களிலிருந்து முப்பரிமாணப் பாறை மாதிரிகள் உருவாக்கப்படுகின்றன. ஸ்வால்பார்டு பல்கலைக்கழக மையத்தின் ஸ்வால்பாக்ஸ் தரவுத்தளம் அவற்றைத் திறந்த அணுக்கத்தில் வைத்துள்ளது. ஆகவே துருவ இரவின் மாதங்களிலும் கோடையில் பார்த்த மலையைக் கணினியில் அளக்க முடிகிறது.

முதன்மையான ஆய்வுப்பொருள்கள்

டிரையாசிக் டெல்டா: தென்கிழக்கே உரால் மலைப்பகுதியிலிருந்து வந்த ஆறுகள் இன்றைய பேரன்ட்ஸ் கடற்பகுதியை நிரப்பின. 2019-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இது பூமியின் வரலாற்றில் அறியப்பட்ட மிகப் பெரிய டெல்டாச் சமவெளி. பரப்பு சுமார் 16.5 லட்சம் சதுர கிலோமீட்டர். கிழக்கிலுள்ள எட்ஜ் தீவின் குவால்பின்டன் செங்குத்துச் சரிவுகளில், படிவு சேர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் பாரத்தால் நிலம் பிளந்து இறங்கிய தடங்கள் காணப்படுகின்றன.

பாலியோஜீன் மத்தியப் படுகை: முதலில் கிழக்கிலிருந்து வந்த மணல், பின்னர் மேற்கிலிருந்து வந்தது. கிரீன்லாந்து ஸ்வால்பார்டை உரசி நகர்ந்தபோது மேற்கே மடிப்புமலை எழுந்ததே இதற்குக் காரணம். வான் கெய்லன் ஃபியோர்டு அருகே ஸ்டோர்வோலா மலையில், கடலோரச் சமவெளி, கடற்கரை, கடற்சரிவு, ஆழ்கடல் நான்கும் ஒரே சாய்ந்த அடுக்கில் தொடர்ந்து தெரிகின்றன. சில நூறு மீட்டர் உயரமுள்ள இத்தகைய சாய்வடுக்குகளை வழக்கமாக அதிர்வலைப் படங்களில்தான் காண முடியும். ஆறு கொண்டுவரும் மணல் எப்போது ஆழ்கடலை எட்டும் என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இங்கு வருகின்றனர்.

பழைய வெப்பமாதல்: சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரெனச் சூடானது. அதன் தடிமனான பதிவு ஸ்பிட்ஸ்பெர்கனின் களிப்பாறைகளில் உள்ளது. நிலக்கரி நிறுவனம் தோண்டியெடுத்த ஒரு துளைக்கருவைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வு, அன்று கார்பன் வெளியான வேகம் இன்று மனிதர்கள் வெளியிடும் வேகத்தைவிடக் குறைவு என்று காட்டியது.

கார்பன் சேமிப்பு: லாங்யியர்பியெனின் அனல்மின் நிலையம் அப்போது வெளியிட்டுவந்த கார்பன் டைஆக்சைடைப் பாறைக்குள் செலுத்த முடியுமா என அறிய, 2007 முதல் அந்நகருக்கு அருகே துளைகள் தோண்டப்பட்டன. ஆழமான துளை 970 மீட்டர் சென்றது. டிரையாசிக்–ஜுராசிக் மணற்கற்களும் அவற்றை மூடியுள்ள களிப்பாறைகளும் பல ஆய்வேடுகளுக்குப் பொருளாயின.

முக்கியத்துவம்

20-ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் எண்ணெயும் இவ்வாய்வுகளைத் தூண்டின. பேரன்ட்ஸ் கடலில் 1984-இல் கண்டறியப்பட்ட ஸ்னோவிட் வாயுப்புலத்தின் மணற்கற்களைப் புரிந்துகொள்ள ஸ்வால்பார்டின் பாறைகள் உதவின. இன்று கேள்விகள் காலநிலை, கார்பன் சேமிப்பு, கடல்மட்டம் ஆகியவற்றின் பக்கம் நகர்ந்துள்ளன. கேள்வி மாறினாலும் அளந்து பதிந்த அடுக்கு மாறுவதில்லை. நிலக்கரிக்காகத் தோண்டிய துளைக்கரு காலநிலைச் சான்றானது இதற்கு எடுத்துக்காட்டு. ஓர் ஆய்வாளர் தம் கோடைகளில் நேர்மையாக எழுதிவைத்த அடுக்கு வரைவு, அவர் நினைத்தும் பார்க்காத கேள்விக்குப் பின்னொருவருக்கு விடையாகலாம். எனவே பாறை மாதிரிகளையும் அளவீடுகளையும் பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பது, கட்டுரை வெளியிடுவதற்கு இணையான பங்களிப்பு.