ஹோம் கம்பம் பிறந்த கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஹோம் ஃபென் என்ற பிர்ச் மரக்காட்டுக்குள் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 13 அடி. நட்டபோது அதன் உச்சி தரையோடு தரையாக இருந்தது. கம்பம் இன்றுவரை ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. தரைதான் கீழே இறங்கிவிட்டது.

அதை நாட்டியவர் வில்லியம் வெல்ஸ் என்ற நிலக்கிழார். அவர் நிலத்தை ஒட்டி விட்டில்ஸி மியர் என்ற பெரிய ஏரி இருந்தது. குளிர்கால மழையில் 3,000 ஏக்கர் வரை விரியும். கோடையில் பாதியாகச் சுருங்கும். மீனும் நாணலும் காட்டு வாத்தும் அதை நம்பியிருந்தவர்களுக்குச் சோறு போட்டன. வெல்ஸின் கண்ணுக்கு மட்டும் அங்கே விளைநிலம் தெரிந்தது. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஆப்போல்ட் என்பவரின் மையவிலக்கு பம்பு எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. அதே வகை பம்பு நீராவி எஞ்சினோடு ஏரிக்கரைக்கு வந்தது, தண்ணீர் வடிந்தது. சேற்றுக்குள்ளிருந்து ராம்சி மடத்தின் வெள்ளித் தூபக்கலசம் கிடைத்தது. இப்போது அது லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. 1852 நவம்பரில் கரை உடைந்து ஏரி மறுபடி நிரம்பியது. மறுபடி இறைத்தார்கள்.

தரை இறங்கும் என்பது வெல்ஸுக்கு முன்பே தெரியும். 17ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தை வடித்தபோதே நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்துபோய், காற்றாலை வைத்து நீரை மேலேற்ற வேண்டியதாயிற்று. அதனால் ஏரியை வடிப்பதற்கு முன்பே, 1848ல், ஓர் ஓக் மரத் தூணை 22 அடி ஆழத்துக்கு, அடியிலிருக்கும் களிமண் வரை இறக்கி, உச்சியைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டார்கள். பேராசைக்காரர் என்று அவரை ஏசலாம். ஆனால் கைவைப்பதற்கு முன்பே அளவுகோலை நட்டுவைத்த பேராசைக்காரர்கள் அதிகம் பேர் இல்லை. சில ஆண்டுகளில் மரத்தூணுக்குப் பதில் வார்ப்பிரும்புக் கம்பம் வந்தது. அது அந்தப் பொருட்காட்சி நடந்த கிரிஸ்டல் பேலஸின் தூண் என்று சொல்வார்கள். அங்கே நிற்க வார்த்து மிஞ்சிய தூணாகவும் இருக்கலாம்.

1860ல் வெல்ஸே ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் கம்பம் ஏறத்தாழ நாலேமுக்கால் அடி வெளியே வந்திருந்தது. 1890களில் அது சுமார் 10 அடி. போன மண் எங்கே போயிற்று?

அந்த மண்ணின் பெயர் பீட். நம் மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் கோகோ பீட், இதற்கு மாற்றாக உலகச் சந்தைக்குப் போன தென்னை நார்த்தூள். அசல் பீட், நீருக்கடியில் காற்றுப் படாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடந்த செடிகொடி. நீரை வடித்ததும் முதலில் அது பிழிந்த பஞ்சுபோல அமுங்குகிறது. ஆரம்ப ஆண்டுகளின் வேகமான இறக்கத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு காற்று உள்ளே நுழைய, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. மண் மெல்ல மெல்லக் கரியமில வாயுவாக மாறி மேலே போகிறது. வெல்ஸின் கம்பம் இரண்டையும் சேர்த்தே காட்டியது, பிரித்துச் சொல்லவில்லை. தரை இறங்கினால் வாய்க்காலை இன்னும் ஆழமாக்கினார்கள். ஆழமாக்கியதும் தரை இன்னும் இறங்கியது.

உலகில் வடிக்கப்பட்ட பீட் நிலம் மொத்தப் பீட் நிலத்தில் ஏறத்தாழ 12 சதவீதம்தான். மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுவில் அதன் பங்கோ 4 சதவீதம் அளவுக்கு வருகிறது.

உழவைக் கைவிடச் சொல்வது சுலபம். ஆனால் பிரிட்டனின் உருளைக்கிழங்கிலும் செலரியிலும் லெட்யூஸிலும் கணிசமான பங்கு இந்தக் கறுப்பு மண்ணில் விளைகிறது. 2021ல் கிறிஸ் எவன்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 'நேச்சர்' இதழில் சொன்ன கணக்கு விவசாயியோடு உட்கார்ந்து பேச உதவுகிறது: ஆழமாக வடித்த வயலில் நிலத்தடி நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தினாலே ஹெக்டேருக்கு ஆண்டுக்கு குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவு மிச்சம். முழுக்க மூழ்கடித்தால் மீத்தேன் கிளம்பும்; ஆகவே நீர் மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்பதே நல்லது. பாதி வழி வந்தாலும் பலன் உண்டு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் மதகை அடைத்து வைப்பதுகூடக் கணக்கில் சேரும்.

ஹோம் ஃபென்னை உள்ளடக்கிய கிரேட் ஃபென் திட்டத்தில் ஈரத்திலேயே விளையும் பயிர்களைச் சோதித்தார்கள்: சம்பு, ஸ்பேக்னம் பாசி, நீரில் வளரும் ஒருவகைப் புல். சம்பின் பஞ்சைக் குளிராடைக்குள் அடைக்கலாம், தட்டையைக் கட்டடப் பலகையாக்கலாம். வாங்க ஆள் வேண்டும், அதுதான் இன்னும் போதவில்லை. இன்னொரு சிக்கல் வாய்க்கால்: அது ஊருக்கே பொது. ஒருவர் தன் வயலில் நீரை ஏற்றினால் பக்கத்து வயலின் உருளைக்கிழங்கு அழுகும். அதனால் அக்கம்பக்கத்து விவசாயிகளும் வடிகால் வாரியமும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த மாதம் எந்த மதகு எவ்வளவு என்று முடிவெடுத்தால்தான் அந்த 10 செ.மீ. கிடைக்கும்.