ஏழு அடுக்கும் ஜெயித்த நான்கு அடுக்கும்

நெட்வொர்க்கிங் படிக்கும் மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்குகளைத்தான். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். ஆனால் இன்டர்நெட் ஓடுவதோ டி.சி.பி/ஐ.பி.யில்! அதற்குப் பொதுவாக நான்கு அடுக்குகள்தான் சொல்வார்கள். பிறகு எதற்கு இந்த ஏழு? விடை வரலாற்றில் இருக்கிறது.

1970களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நெட்வொர்க். ஐ.பி.எம்.முக்கு எஸ்.என்.ஏ., டிஜிட்டல் கம்பெனிக்கு டெக்நெட். ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டும் என்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1984-ல் ஓ.எஸ்.ஐ. மாடலை வெளியிட்டது. பல நாட்டு அரசுகள் அதை ஆதரித்தன.

அதற்குள் அமெரிக்காவில் வின்ட் செர்ஃபும் பாப் கானும் வடிவமைத்த டி.சி.பி/ஐ.பி.க்கு அர்பாநெட் 1983 ஜனவரி 1-ம் தேதியே மாறிவிட்டது. பெர்க்லி பல்கலைக்கழகம் தன் யூனிக்ஸோடு சேர்த்தே அதைக் கொடுத்தது. ஓ.எஸ்.ஐ. ஆவணங்களை அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. டி.சி.பி/ஐ.பி. ஆவணங்களான ஆர்.எஃப்.சி.க்கள் இலவசம்.

இந்தியாவுக்கும் இதே கேள்வி வந்தது. 1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட்டைத் தொடங்கியது. சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., மும்பையின் என்.சி.எஸ்.டி., டெல்லியில் மின்னணுத் துறை என எட்டு இடங்கள். என்.சி.எஸ்.டி.யின் இயக்குநர் சீனிவாசன் ராமானி இதில் முக்கியமானவர். எர்நெட் இரண்டு முறைகளையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தது. 1995 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டி.சி.பி/ஐ.பி.க்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் லைன் வேகம் 9.6 கே.பி.பி.எஸ்.தான். 5 எம்.பி. பாட்டு ஒன்று இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அடுத்த வருடமே அட்வென்ட்நெட் தொடங்கியது. அதன் ஆரம்பகால வியாபாரம் நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி. மென்பொருள். இந்த எஸ்.என்.எம்.பி.யும், ஓ.எஸ்.ஐ.யின் சி.எம்.ஐ.பி. வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று எளிமையாகச் செய்யப்பட்டதுதான். தற்காலிகமே நிரந்தரமானது. அட்வென்ட்நெட் 2009-ல் ஜோஹோ ஆனது. 2011-ல் அப்போதைய நெல்லை மாவட்டத்தில் (இப்போது தென்காசி) மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது.

அப்படியானால் ஏழு அடுக்கு வீணா? இல்லை. மருதூர் அணைக்கட்டில் மதகைத் திறப்பவருக்கு, வயலில் இருப்பது நெல்லா வாழையா என்று தெரிய வேண்டியதில்லை. தண்ணீரைக் கால்வாயில் விட்டால் போதும். அடுக்கு என்பதும் அதுதான்: தன் வேலையை மட்டும் பார்ப்பது. நெட் வரவில்லை என்றால் முதலில் கேபிள், பிறகு ஐ.பி. முகவரி, கடைசியில் பிரவுசர் என்று வரிசையாகத் தேட அந்த மாடல் கற்றுத் தருகிறது.

தோற்ற மாடல் யோசிக்கக் கற்றுத் தந்தது. ஜெயித்த முறை எல்லோருக்கும் திறந்திருந்தது. பாளையங்கோட்டையில் பி.காம். படிப்பவரும் ஆர்.எஃப்.சி. 791-ஐ இன்றே இலவசமாகத் திறந்து படிக்கலாம். தேர்வுக்கு ஏழு பெயர்கள் போதும். ஆனால் 'பிங்' என்று அடித்து பதில் வரும் நேரத்தைப் பார்த்தால்தான் பாடம் ஆரம்பிக்கிறது.