அனிமே, வீடியோ கேம்: மறுக்கும் முன் அறிந்துகொள்வோம்

"வாப்பா, இது கார்ட்டூன் இல்ல, அனிமே" என்று பத்து வயதுப் பிள்ளை நம்மைத் திருத்துகிற காலம் இது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழ் பேசியே நம் திரையரங்குகளுக்கு வந்தது. செல்போனில் வருவதற்குக் கணக்கே இல்லை.

இவற்றை நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதமாக எதிர்கொள்கிறோம். 'எல்லாம் ஷைத்தானின் வேலை' என்று மொத்தமாக மறுக்கிறோம். அல்லது 'சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்' என்று விட்டுவிடுகிறோம். இரண்டிலுமே பிள்ளை என்ன பார்க்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை.

போக்கிமான் தரும் பாடம்

2001இல் சவூதி அரேபியாவில் போக்கிமான் விளையாட்டுக்கும் அட்டைகளுக்கும் எதிராக ஃபத்வா வெளியானது. அந்தக் காலத்தில் அரபு நாடுகளில் ஒரு வதந்தியும் பரவியது. 'போக்கிமான்' என்றால் ஜப்பானிய மொழியில் 'நான் யூதன்' என்று பொருளாம்! உண்மையில் அது 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம். வரும் செய்தியை விசாரித்துத் தெளியும்படி குர்ஆன் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. கார்ட்டூன் பற்றிய செய்திக்கும் அது பொருந்தும்.

ஆனால், அந்த ஃபத்வா சுட்டிய சூதாட்டச் சாயல் என்ற கவலையைத் தள்ளிவிட முடியாது. இன்று பல கேம்களில் 'லூட் பாக்ஸ்' உண்டு. காசு கொடுத்துப் பெட்டியை வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். 2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. வதந்தியை விலக்கி, உண்மையான கேட்டை அடையாளம் காண்பதே நம் வேலை.

ஜப்பானிலிருந்து வந்த இரண்டு

'ஜோஜோ' என்ற அனிமேயில் வில்லன் கையிலிருந்த நூலில் குர்ஆன் வசனங்கள் இடம்பெற்றிருந்தது 2008இல் சர்ச்சையானது. எந்தக் காட்சி தவறு என்று முஸ்லிம்கள் குறிப்பாகச் சுட்டினார்கள். தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தினார்கள்.

2021இல் சவூதியின் மங்கா புரொடக்ஷன்ஸும் ஜப்பானின் டோய் அனிமேஷனும் சேர்ந்து 'தி ஜர்னி' என்ற படத்தை வெளியிட்டன. யானைப் படையோடு மக்கா மீது படையெடுத்து வந்த அப்ரஹாவை எதிர்கொள்ளும் மக்களின் கதை அது. நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதும் சூரத்துல் ஃபீலின் பின்னணி. கலை ஒன்றுதான், எதைச் சொல்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மார்க்கம் காட்டும் வழி

அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்க்க நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. விளையாட்டை ரசிப்பது தன்னளவில் குற்றமல்ல. உருவப்படங்கள் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஷிர்க், ஆபாசம், சூது ஆகியவற்றில் மட்டும் தளர்வுக்கு இடமில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* வயதுக் குறியீட்டைப் பாருங்கள். படங்களுக்கு யுஏ 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் உள்ளன. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் வயது குறிக்கப்பட்டிருக்கும். அனிமே எல்லாமே குழந்தைகளுக்கானவை அல்ல. பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்டவையும் ஏராளம்.

* பணம் கட்டும் வழியைப் பூட்டுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் ஊக்குவிக்கிறது. இரண்டையும் பிரித்தறியுங்கள்.

* முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி கேமில் இருந்தால் அதை அணைத்து வையுங்கள்.

* நேரத்தை வரையறுங்கள். கட்டுப்பாடிழந்து கேம் ஆடுவதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. பாங்கு சொன்னதும் எழுந்து தொழப் போக முடிகிறதா என்பதே நம் வீட்டில் முதல் அளவுகோல்.

* வாரம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன்?" என்று கேளுங்கள்.

பார்க்காமலே திட்டினால் பிள்ளை பார்ப்பதை நிறுத்தாது. போர்வைக்குள் ஒளித்துப் பார்க்கும். நாளை அங்கே யாரோ தவறாகப் பேசினாலும், மிரட்டிப் பணம் கேட்டாலும், நம்மிடம் வந்து சொல்லப் பயப்படும். அந்தக் கதவு மூடிவிடாமல் காப்பது நம் கடமை. அல்லாஹ் நம் சந்ததிகளை நேர்வழியில் நிலைக்கச் செய்வானாக, ஆமீன்.