மதீனாவைக் கட்டிய கரங்கள்

 

நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து யஸ்ரிபுக்கு வந்து சேர்ந்தபோது அது பெருநகரமாக இருக்கவில்லை. பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த குடியிருப்புகளின் தொகுப்பே அந்த ஊர். அங்கு வாழ்ந்த அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் தங்களுக்குள் போரிட்டுக் களைத்துப் போயிருந்தனர். அள்ளிக் கொடுக்கக் கருவூலமும் இல்லை. கூலிக்கு அமர்த்தப் பணியாளர் படையும் இல்லை. அத்தகைய சிற்றூர் சில ஆண்டுகளிலேயே உலகம் போற்றும் மதீனாவாக மலர்ந்தது. ஊரார் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற பணியைத் தாமே முன்வந்து தோளில் சுமந்ததே அதற்குக் காரணம். அந்தத் தொண்டர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

பள்ளிவாசல் எழுந்த விதம்

மஸ்ஜிதுந் நபவி எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் அதை விலையின்றித் தர முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். பொதுப்பணி என்ற பெயரால் எளியவரின் உரிமை கரைந்து போகக்கூடாது என்பது அங்கே முதல் பாடமாயிற்று.

அந்த நிலத்தில் பழைய கப்றுகளும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. நிலம் சமன் செய்யப்பட்டது. வெட்டிய மரங்களே பள்ளிக்குப் பயன்பட்டன. சுடாத செங்கற்களைத் தோழர்கள் சுமந்து வந்தனர். நபி (ஸல்) அவர்களும் அவர்களுடன் சேர்ந்து சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். அவர்கள் மேனியில் படிந்த மண்ணை நபியவர்களே தம் கரத்தால் தட்டி விட்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

யமாமாவிலிருந்து வந்த தல்க் பின் அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் கைதேர்ந்தவர். அதைக் கண்ட நபியவர்கள், அந்தப் பணியை அவரிடமே விடுமாறு பணித்தார்கள். யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கி, அதற்கேற்ற பொறுப்பை வழங்குவது நபிவழி. கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அதே பள்ளியில் முஅத்தினாகப் பணியாற்றினார்கள். எனக்கு என்ன தெரியும், என்னால் என்ன முடியும் என்று ஒதுங்கி நிற்க அந்த ஊரில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பகிர்ந்து கொண்டவர்கள்

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த முஹாஜிர்களுக்குத் தங்கள் தோப்புகளைப் பாதியாகப் பங்கிட்டுத் தர அன்சாரிகள் முன்வந்தனர். நபியவர்கள் அதற்கு இசையவில்லை. பிறகு, முஹாஜிர்கள் தோப்புகளில் உழைப்பது, விளைச்சலை இரு சாராரும் பகிர்ந்து கொள்வது என முடிவாயிற்று. இதனால் கொடுத்தவரின் உடைமையும் நிலைத்தது. பெற்றவரின் மானமும் காக்கப்பட்டது. ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். தமக்கே தேவை இருந்தும் பிறரை முற்படுத்திய அன்சாரிகளின் பண்பைத் திருக்குர்ஆனின் 59:9 வசனம் புகழ்ந்துரைக்கிறது.

குடிநீருக்கு ஊர் தவித்தபோது ரூமா கிணற்றைத் தம் சொந்தப் பொருளில் வாங்கி, ஏழை, செல்வர், வழிப்போக்கர் என அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். பொருளுள்ளவர் பொருளால் உதவினார். உடல் வலிமை உள்ளவர் உழைப்பால் உதவினார்.

அகழ் தோண்டிய நாட்கள்

ஹிஜ்ரி 5-இல் (கி.பி. 627) சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட எதிரிப்படை மதீனாவை நோக்கித் திரண்டு வந்தது. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி, திறந்து கிடந்த வடதிசையில் அகழ் தோண்டத் தீர்மானிக்கப்பட்டது. குளிர் காலம், பசி வேறு வாட்டியது. கூலி வாங்கிக் கொண்டு தோண்ட ஆட்கள் இல்லை. தோழர்களே மண்ணை வெட்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். அவர்களின் திருவயிற்றைப் புழுதி மறைக்கும் அளவுக்கு அந்த உழைப்பு இருந்தது. தலைவர் நிழலில் அமர்ந்து, தொண்டர் வெயிலில் வாடும் வழக்கம் மதீனாவில் இல்லை. அந்தப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலில் கூடாரம் அமைக்கப்பட்டது. காயமடைந்தோருக்குச் சிகிச்சையளித்த பெண்மணியாக ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது.

பெருக்கியவரைத் தேடிய நபி

அருமைச் சகோதர சகோதரிகளே! இவை அனைத்தினும் நம் உள்ளத்தை உலுக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த பெண்மணி ஒருவர் இருந்தார். சில நாட்கள் அவரைக் காணாத நபியவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்மணியின் விஷயத்தைத் தோழர்கள் சிறியதாகக் கருதியிருந்தனர். நபியவர்களோ அவருடைய கப்றைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். புகாரியும் முஸ்லிமும் இதைப் பதிவு செய்துள்ளன.

ஊர் மறந்த ஒருவரை அல்லாஹ்வின் தூதர் மறக்கவில்லை. துடைப்பம் ஏந்திய கரமும் மதீனாவைக் கட்டிய கரமே என்பதை அந்தத் தொழுகை உலகுக்கு அறிவித்தது.

நம் மஹல்லாவில் அந்தக் கரங்கள்

இந்த மரபு நம்மிடையே அற்றுப் போய்விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்! 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவளித்து அடைக்கலம் தந்தனர். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் இறந்தோரைச் சொந்தங்களே நெருங்க அஞ்சிய வேளையில், தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் இளைஞர்கள் மத வேறுபாடின்றி உடல்களைச் சுமந்து சென்று இறுதிக் கடன் செய்தனர்.

ஆயினும் நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும். பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கித் தந்தவரின் பெயர் அதன் இறக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் அழைத்தாலும் வந்து கப்றுக் குழி வெட்டுபவர், மய்யித்தைக் குளிப்பாட்டுபவர், ரமளானில் அடுப்பின் வெக்கையில் நின்று நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர், ஒளூச் செய்யும் இடத்தைக் கழுவி விடுபவர் ஆகியோரின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவர் இரண்டு ஜும்ஆவுக்கு வராவிட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோர் எத்தனை பேர்? தொண்டர் கூலி கேட்பதில்லை. அவருடைய நற்கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அவர் நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமை. அதைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறையில் அந்தப் பணிக்குக் கை நீட்ட ஆள் இருக்காது.

இந்த வாரமே அவர்களில் ஒருவரின் இல்லத்துக்குக் குடும்பத்துடன் சென்று வாருங்கள். பிள்ளைகளை அவருக்கு ஸலாம் சொல்லச் செய்யுங்கள். அடுத்த முறை பணி வரும்போது உங்கள் மகனையும் அவருடன் அனுப்பி வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஊர்களின் தொண்டர்கள் அனைவருக்கும் நிறைவான நற்கூலியை வழங்குவானாக! அவர்களின் மதிப்பை அவர்கள் வாழும்போதே உணரும் பாக்கியத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.