‘சும்மா’ பின்னிய றேந்தை

கண்ணுக்குப் பழகிப்போனமையால் நாம் கவனிக்கத் தவறும் பொருட்கள் நமது வீடுகளிலே பல உள. மேசையின் நடுவே விரிக்கப்பட்ட வட்டமான வெள்ளைப் பின்னல், கதிரையின் முதுகிற் போர்த்திய துணியின் விளிம்பு, தண்ணீர்ச் சாடியின் வாயை மூடும் மணி கோத்த வலை, பிறந்த குழந்தைக்கெனச் சிற்றன்னை பின்னி அனுப்பிய நூற்றொப்பி - இவையெல்லாம் அவ்வாறான பொருட்களே. இவற்றைச் செய்தவர் யார் என்று வினவினால், ‘அவ சும்மா இருக்கேக்கை பின்னினது’ என்ற விடை கிடைக்கும். இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை நாம் எவ்வித ஐயமுமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால் அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. பஞ்சமும் பட்டினியும், மதப்பணியும் வணிகமும், உலகச் சந்தையும் அதிலே பின்னிக் கிடக்கின்றன.

‘றேந்தை’ என்னும் சொல்லே அச்சரித்திரத்தின் ஒரு சான்றாகும். போர்த்துக்கேய மொழியின் ‘ரெந்தா’ என்ற சொல் கடல் கடந்து வந்து தமிழிலே றேந்தை ஆயிற்று. தென்னிலங்கைக் கரையோரத்திலே மரக் கட்டைகளில் நூல் சுற்றித் திண்டின்மீது பின்னப்படும் ‘பீரலு’ வேலையின் பெயரும் போர்த்துக்கேயச் சொல்லொன்றின் திரிபேயாகும். ஐரோப்பியக் குளிர்நாடுகளின் பின்னல்வேலை பெரும்பாலும் கம்பளியை நம்பியது. காலுறையும் மேற்சட்டையும் கழுத்துத் துணியும் அங்கே உயிர்காக்கும் பொருட்கள். வெப்ப நாடுகளிலோ கம்பளிக்கு வேலையில்லை. அங்கே வேரூன்றியது பருத்தி நூலில், காற்றுப் புகும் கண்களோடு பின்னப்படும் மெல்லிய வேலையே. அது பெரும்பாலும் அலங்காரத்திற்கும் அன்பளிப்பிற்கும் உரியதாயிற்று. அன்பளிப்பிற்கு உரியதாகையால் அதற்குக் கூலி உண்டென்ற நினைவே எழாமற் போயிற்று.

பின்னல்வேலைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இரண்டு நீண்ட ஊசிகளாற் பின்னும் வேலையை இயந்திரம் மிக முன்னதாகவே கைப்பற்றிவிட்டது. 1589ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். 1809இல் ஜோன் ஹீத்கோட் றேந்தை வலையை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைவேலைக்காரரின் பிழைப்பில் மண் விழுந்தது. 1816இல் லொபரோ நகரிலிருந்த அவருடைய தொழிற்சாலை இயந்திரங்களை லுத்தியர் இரவோடிரவாக உடைத்தெறிந்தனர். ஆயின் நுனியிலே கொக்கி வளைந்த ஒற்றை ஊசியாற் செய்யப்படும் ‘குறோசே’ வேலை மாத்திரம் இயந்திரத்துக்கு எளிதில் அகப்படவில்லை. அதன் தோற்றத்தைப் போலி செய்யும் இயந்திரங்கள் உண்டு. ஆனால் கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்தெடுக்கும் உண்மையான குறோசேயைச் சந்தைக்கு வேண்டிய அளவிற் செய்துதரும் இயந்திரம் இற்றைவரை வழக்கிற்கு வரவில்லை. எனவே கோடை காலத்துக்கென நகரத்துக் கடைகளிலே மலிவாகத் தொங்கும் குறோசேச் சட்டை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் விரல்கள் பல மணிநேரம் அசைந்ததன் விளைவாகும். விலை மலிவாயின் அந்த மணிநேரங்கள் மலிவாக வாங்கப்பட்டன என்பதே பொருள்.

இயந்திரத்துக்கு அகப்படாத வேலைக்கு வேண்டியது மலிவான கை. மலிவான கையைப் பெருக்குவதிலே பஞ்சத்தை விஞ்சிய கருவி வேறில்லை. இவ்வுண்மையை அயர்லாந்தின் சரித்திரம் காட்டுகின்றது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. நிலம் ஆங்கிலேய நிலப்பிரபுக்களிடமும் அவர்தம் சார்பினரிடமும் இருந்தது. குடியானவனுக்கு எஞ்சியது சிறு துண்டு நிலமும் அதில் விளைந்த கிழங்குமே. கிழங்கு அழுகியபோதும் தானியமும் கால்நடையும் துறைமுகங்கள் வழியே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த குடித்தொகை 1851இல் 66 இலட்சத்துக்கும் குறைந்தது. பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதனினும் கூடிய தொகையினர் கப்பலேறினர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெற முடியாது என்ற விதியை 1847இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. பசித்தவனிடமிருந்து இறுதி நிலத்துண்டையும் பறித்தெடுக்கும் சட்டம் அது.

இக்காலத்திலேதான் குறோசே ஊசி அயர்லாந்தின் குடிசைகளுக்குள் நுழைந்தது. கோர்க் நகரை அடுத்த பிளக்றொக்கில் அர்சுலைன் சபைக் கன்னியர் இவ்வேலையைச் சிறுமியருக்குக் கற்பித்தனர். வடக்கே மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் ஊரில், அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் என்பவர் 1847ஆம் ஆண்டளவில் பெண்களுக்கு இதனைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். வெனிஸ் நகரின் பழைய ஊசி றேந்தை அக்காலத்துச் சீமாட்டிகள் மிக விரும்பிய பொருள். ஆனால் அதனைச் செய்து முடிக்க நெடுங்காலம் செல்லும். குறோசேயில் அதே தோற்றத்தை விரைவிலே வருவிக்கலாம். ஓர் ஊசியும் சிறிது நூலும் போதும். தறியோ பட்டறையோ வேண்டுவதில்லை. முதலீடு அற்றவளுக்கு ஏற்ற தொழில். முதலீடு செய்ய விரும்பாத வணிகனுக்கு அதனிலும் ஏற்ற தொழில்!

அவ்வேலை நடந்த முறையையும் நாம் நோக்குதல் வேண்டும். றோசாப் பூ, மூவிலைச் செடி, திராட்சைக் குலை முதலிய உருக்கள் தனித்தனியே பின்னப்பட்டன. ஒரு குடும்பம் ஓர் உருவையே திரும்பத் திரும்பச் செய்யும். அதன் நுணுக்கத்தை அயலவருக்குச் சொல்லாது காத்துக்கொள்ளும். பின்னர் வேறு பெண்கள் அவ்வுருக்களை ஒன்றிணைத்துக் கழுத்துப்பட்டியாகவோ சட்டையாகவோ ஆக்குவர். தொழிற்சாலையிலே கூரையின் கீழ் நடைபெறும் தொழிற்பிரிவினை இங்கே நூறு குடிசைகளிற் சிதறிக் கிடந்தது. சிதறிக் கிடந்தமையால் தொழிலாளர் ஒருவரையொருவர் அறியவில்லை. புகை சூழ்ந்த குடிசையிற் பூவைப் பின்னியவள் அது எந்தச் சட்டையிற் சேர்ந்தது என்பதை அறியாள். அச்சட்டையை அணிந்தவள் பூவைப் பின்னியவளை அறியாள்.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்த ஊசி பல குடும்பங்களைச் சாவினின்றும் காத்தது. பலருடைய கப்பற் பயணச் செலவு அதனாலேயே சேர்ந்தது. கருணை மிக்க மாதர் சிலர் உண்மையாகவே பசி தீர்க்க விரும்பினர். ஆனால் பசிக்குக் காரணமான நில உடைமையை அக்கருணை தீண்டவில்லை. பிற்காலத்திற் பரிஸ் நகரத்து நாகரிகமும் அயர்லாந்துக் குறோசேயைக் கொண்டாடிற்று. பின்னர் நாகரிகம் மாறியது. இயந்திரப் போலிகளும் முதலாம் உலக யுத்தமும் அத்தொழிலைச் சாய்த்தபோது, அதனை நம்பியிருந்த பெண்களுக்கு எவ்விதப் பாதுகாப்பும் இருக்கவில்லை.

இதே ஊசி, இதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் செல்வர் வீட்டு விருந்தறைகளிலும் அசைந்தது. 1840களில் றியேகோ டி லா பிராஞ்சார்டியேர் அம்மையார் வெளியிடத் தொடங்கிய பின்னல் மாதிரி நூல்கள் பெருவாரியாக விற்பனையாயின. சீமாட்டிக்கு அது பொழுதுபோக்கு. தோழிக்கு அளிக்கும் பிறந்தநாட் பரிசு. விக்டோரியா மகாராணியும் இக்கலையை அறிந்தவரே. 1900இல் தென்னாபிரிக்கப் போரிலே தமது சாம்ராச்சியத்துக்காகப் போரிட்ட வீரருக்கென அவர் தம் கையாலேயே எட்டுக் கழுத்துத் துணிகளைக் குறோசே பின்னி அனுப்பினார். அந்த எட்டுத் துணிகளும் பெருமதிப்புடன் போற்றப்பட்டன; சரித்திரம் அவற்றைக் கணக்கெடுத்து வைத்திருக்கின்றது. அயர்லாந்தின் குடிசைகளில் எத்தனை ஆயிரம் பூக்கள் பின்னப்பட்டன என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை. செய்யும் வேலை ஒன்றே. செய்பவளின் வர்க்கமே அதனை ஒருபுறம் ‘அன்பளிப்பு’ எனவும் மறுபுறம் பெயரற்ற பண்டம் எனவும் ஆக்கியது.

இனி நமக்கு அண்மையிலுள்ள தமிழ் நிலத்துக்கு வருவோம். நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மோல்ட் முதலிய பாதிரிமாரின் மனைவியர் 1820களின் தொடக்கத்திலேயே பெண்பிள்ளைகளின் பள்ளியிற் றேந்தை வேலையைப் புகுத்தினர். அது குறோசே அன்று. திண்டின்மேற் கட்டைகளாற் பின்னும் முறை. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அது சட்டப்படி ஒழிந்தது 1855இலேதான். பள்ளிக்கு வந்த அடிமைச் சிறுமியர் சிலர் தாம் பின்னிய றேந்தை விற்ற பணத்தைக்கொண்டு தமது விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். நூலிழையால் விலங்கை அறுத்தனர் என்று சொன்னால் அது வெறும் அலங்காரச் சொல்லாகாது. அதே சமஸ்தானத்திலே சாணார் பெண்கள் மேலாடை அணிவதற்கென நடத்திய நெடிய போராட்டத்திலும் இப்பள்ளிகளிற் றைக்கப்பட்ட குப்பாயத்துக்கு இடமுண்டு. 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் அவ்வுரிமையை ஓரளவு வழங்கியது; எனினும் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியலாகாது என்ற நிபந்தனையையும் உடன் வைத்தது. ஊசி ஒரு கதவைத் திறந்தது. சாதி அக்கதவை முழுதாகத் திறக்க விடவில்லை.

ஊசியால் ஒருத்தி விடுதலை பெறலாம் என்பதற்கு நாகர்கோவில் சான்று. அதே ஊசி ஒருத்தியை வீட்டுக்குள்ளேயே பிணிக்கவும் கூடும் என்பதற்கு ஆந்திர நாட்டு நர்சாப்பூர் சான்று. கோதாவரி ஆற்றின் கழிமுகத்திலுள்ள இவ்வூரிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்து மிஷனரிமார் குறோசேயை அறிமுகப்படுத்தினர். முதலில் ஏழைக் கிறிஸ்தவப் பெண்களின் பிழைப்பாக இருந்த இவ்வேலை பின்னர் வணிகரின் கைக்கு மாறிச் சுற்றுக் கிராமங்களெங்கும் பரவியது. 1970களின் இறுதியில் ஜேர்மனியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு நூலை வெளியிட்டார். அதில் அவர் காட்டும் உண்மைகள் நம்மைச் சிந்திக்க வைப்பன.

அங்கும் ஒருத்தி பூவை மட்டும் பின்னினாள். மற்றொருத்தி பூக்களை இணைத்தாள். நூலைக் கொண்டுவந்து கொடுத்து, முடிந்த வேலையை எடுத்துச் சென்றவர் இடைத்தரகர். மேசை விரிப்பாகவும் தேநீர்த் தட்டு விரிப்பாகவும் அவை ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றன. ஏற்றுமதி வணிகம் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தது. பெண்கள் சமையல், தண்ணீர், பிள்ளை வளர்ப்பு ஆகிய வீட்டு வேலைகளுக்கிடையே நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் றேந்தை பின்னினர். கிடைத்த கூலியோ விவசாயத் தொழிலாளிக்குச் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலியின் அருகிலும் வரவில்லை.

இதனை அவர்கள் ஏன் பொறுத்துக்கொண்டனர்? இங்கேதான் கருத்தியலின் வலிமை வெளிப்படுகின்றது. பின்னியவருட் பெருந்தொகையினர் காப்பு சாதியைச் சேர்ந்தவர். வயலில் இறங்கி வேலை செய்வது குடும்பத்துக்கு இழுக்கு என்பது அவர்தம் எண்ணம். வீட்டுக்குள் இருந்து றேந்தை பின்னுவதோ ‘மரியாதையான’ வேலை. ஆகவே வெயிலிலே நாற்று நட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண், நிழலிலே பின்னிய ‘மரியாதை’யுள்ள பெண்ணைவிட அதிகக் கூலி பெற்றாள்! வணிகருக்கு அந்த மரியாதை பெரும் இலாபம் ஈட்டித் தந்தது. ஏனெனில் தம்மைத் தொழிலாளி என்று எண்ணாதவள் கூலி உயர்வு கேளாள், சங்கம் அமையாள். குடிசன மதிப்பீட்டிலும் அவள் தொழிலாளியாகப் பதியப்படவில்லை. இல்லத்தரசி என்றே எழுதப்பட்டாள். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த ஒரு பெரும் உழைப்பாளர் படை, அரசாங்கத்தின் ஏடுகளிலே ‘சும்மா’ இருந்தது.

நாம் தொடக்கத்திற் கண்ட ‘சும்மா’ இதுவே. அது தாயின் வாயிற் பணிவாக ஒலிக்கின்றது. வணிகனின் கணக்கிலே இலாபமாக விளைகின்றது.

காலம் முற்றிலும் மாறாமல் இல்லை. வீட்டில் இருந்தபடி பிறருக்காக உழைப்போரும் தொழிலாளரே என்பதை ஏற்று, 1996இல் சர்வதேசத் தொழில் தாபனம் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதனை ஏற்றுக் கையொப்பமிட்ட நாடுகள் மிகச் சில. அவற்றுள் அயர்லாந்து முதல்வரிசையில் நின்றது என்பது பொருள் பொதிந்த செய்தியாகும். நர்சாப்பூர் றேந்தைக்கு 2024இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது நன்றே. ஆனால் ஊரின் பெயர் வேறு; பின்னியவளின் கூலி வேறு. முன்னது காக்கப்படுவதால் மட்டும் பின்னது உயர்ந்துவிடாது.

இவ்வளவும் கூறியதனாற் பின்னல்வேலையைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நமது கருத்தன்று. தன் நேரம் தனக்கு உரிமையாக உள்ள ஒருத்தி, தன் தோழியின் குழந்தைக்கென மெல்லிய பருத்தி நூலில் ஒரு தொப்பி பின்னுவாளாயின் அதனினும் அழகிய பரிசு வேறில்லை. அங்கே உழைப்பு அந்நியமாகவில்லை. செய்தவளும் பெறுபவளும் ஒருவரையொருவர் அறிவர். அந்த இனிய உறவின் சாயலைக் கடன்வாங்கி, கூலி கொடாத உழைப்பை ‘பொழுதுபோக்கு’ என்று பெயரிட்டு மறைப்பதையே நாம் எதிர்க்கின்றோம்.

பெண்பிள்ளைகளுக்குக் கைவேலை கற்பிக்கும் ஆசிரியைமார் இதிற் செய்யத்தக்கது சிறிது உண்டு. கண்ணி எண்ணக் கற்பிக்கும்போதே மணி எண்ணவும் கற்பியுங்கள். ஒரு விரிப்புக்கு எத்தனை மணிநேரம் சென்றது, நூலின் விலை என்ன, கடையில் அது என்ன விலைக்குப் போகின்றது, இடையிலுள்ள பணம் யாரிடம் தங்குகின்றது என்பதை மாணவியே கணக்கிடட்டும். அந்தப் பாடத்தை ஆண்பிள்ளைகளும் உடனிருந்து கற்கட்டும். வீட்டுக்குத் திரும்பிய பின் மேசைமீதுள்ள வெள்ளைப் பின்னலை அவர்கள் வேறு கண்ணுடன் நோக்குவர். ‘இது யார் பின்னியது?’ என்ற வினாவுக்கு அன்றேனும் ‘சும்மா’ என்ற சொல் இல்லாத விடை பிறக்கட்டும்.