கால்பந்துக் கழக உரிமையும் இரசிகர் போராட்டங்களும்

கால்பந்துக் கழக உரிமை தொடர்பான இரசிகர் போராட்டங்கள் என்பவை, ஒரு கழகத்தின் உரிமையாளரை விலகச் செய்யவோ அவர் எடுத்த முடிவை மாற்றவோ வேண்டி, அக்கழகத்தின் இரசிகர்கள் கூட்டாக மேற்கொள்ளும் நடவடிக்கைகள் ஆகும். ஊர்வலம், பதாகை, நுழைவுச்சீட்டுப் புறக்கணிப்பு, ஆட்டத்தின் நடுவே அரங்கை விட்டு வெளியேறுதல், புதிய கழகம் தொடங்குதல் ஆகியன இவற்றின் பொதுவான வடிவங்கள்.

இந்தியாவில் இவ்வகைப் போராட்டங்களுள் குறிப்பிடத்தக்கவை, 2020ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையில் கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கழகங்களை ஒட்டி நடைபெற்றவை. மோகன் பகானில் உரிமையாளர் மாறவில்லை; ஆனால் இரசிகர்கள் எதிர்த்த பெயர் நீக்கப்பட்டது. ஈஸ்ட் பெங்காலில் உரிமையாளர் மாறினார். ஆனால் போராடியவர்களுள் ஒரு பகுதியினர் கேட்டது அதற்கு நேர்மாறானது. போராட்டம் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதை அறிய இவ்விரு நிகழ்வுகளும் உதவுகின்றன.

கழக உரிமையின் வகைகள்

உரிமையாளரை மாற்றும் ஆற்றல் இரசிகர்களுக்கு உண்டா என்பது, பெரும்பாலும் கழகத்தின் சட்ட அமைப்பைப் பொறுத்தது. இவ்வமைப்பை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

உறுப்பினர் கழகம்: உறுப்பினர்கள் சந்தா செலுத்தி, தேர்தல் மூலம் நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். இங்கு உரிமையாளர் என ஒருவர் இல்லை. எசுப்பானியாவின் பார்செலோனா இவ்வகையைச் சேர்ந்தது.

நிறுவனக் கழகம்: கழகம் முழுவதும் பங்குதாரர்களுக்கு உரியது. இரசிகர் வாடிக்கையாளர் மட்டுமே. அவருக்கு வாக்குரிமை இல்லை. இங்கிலாந்தின் பெரும்பாலான கழகங்களும், இந்தியன் சூப்பர் லீக் தொடரின் பல அணிகளும் இவ்வகையின.

கலப்பு அமைப்பு: உறுப்பினர் கழகம் தனித்து நிற்க, அதன் கால்பந்து அணி மட்டும் ஒரு நிறுவனத்திற்கு மாற்றப்படும். அந்நிறுவனத்தின் பங்குகளை முதலீட்டாளரும் கழகமும் பகிர்ந்து கொள்வர். செருமனியிலும் கொல்கத்தாவிலும் இவ்வமைப்பு உண்டு. எனினும் செருமனியில் 1998ஆம் ஆண்டு முதல் உள்ள "50+1" விதியின்படி, அணி நிறுவனத்தில் பெரும்பான்மை வாக்குகள் உறுப்பினர் கழகத்திடமே இருத்தல் வேண்டும். சில கழகங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. கொல்கத்தாவில் அத்தகைய விதி இல்லை.

கொல்கத்தா: பின்னணி

மோகன் பகான் 1889ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்சையர் படையணியை 2–1 என்ற கணக்கில் வென்றதால், விடுதலை இயக்க வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் 1920ஆம் ஆண்டு ஆகத்து 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து, குறிப்பாக 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின், குடிபெயர்ந்து வந்தோரின் அடையாளமாக அது வளர்ந்தது. எனவே இவ்விரு கழகங்களின் பெயரும் நிறமும் வணிகக் குறியீடுகள் மட்டும் அல்ல. குடும்ப மரபாகவே கருதப்படுகின்றன.

இரு கழகங்களும் உறுப்பினர் சந்தாவையும் கொடையாளர்களையும் நம்பி இயங்கி வந்தன. ஆட்டக்காரர்களின் ஊதியம் உயரவே, 1998ஆம் ஆண்டு இரண்டும் யு.பி. குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்தன. மெக்டவல் மோகன் பகான், கிங்பிசர் ஈஸ்ட் பெங்கால் என அணிகளின் பெயருக்கு முன் வணிகப் பெயர்கள் சேர்ந்தது அப்போதுதான். 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய பின், பழைய கழகங்கள் அதில் இடம்பெறப் பெரும் முதலீட்டாளர் ஒருவரைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது.

மோகன் பகான்: பெயர் நீக்கக் கோரிக்கை

2020ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், ஆர்.பி.–சஞ்சீவ் கோயங்கா குழுமம் மோகன் பகான் கால்பந்து நிறுவனத்தின் 80 விழுக்காட்டுப் பங்குகளைப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அக்குழுமத்திடம் ஏற்கனவே ஏ.டி.கே. என்ற சூப்பர் லீக் அணி இருந்தது. 2014இல் எசுப்பானியாவின் அத்லெடிகோ மாட்ரிட் கழகத்தின் கூட்டுறவுடன் தொடங்கப்பட்ட அவ்வணி கலைக்கப்பட்டது. புதிய அணிக்கு ஏ.டி.கே. மோகன் பகான் எனப் பெயரிடப்பட்டது. பச்சை, அரக்கு நிறங்களும் பாய்மரப் படகுச் சின்னமும் தக்கவைக்கப்பட்டன.

131 ஆண்டு பழைமை வாய்ந்த கழகத்தின் பெயருக்கு முன், ஆறே ஆண்டுகள் இயங்கிய அணியின் பெயர் வருவதை இரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. இது இணைப்பா, கையகப்படுத்தலா என்ற வினாவும் எழுந்தது. "ஏ.டி.கே.யை நீக்கு" என்பது அவர்களது முழக்கமாயிற்று. இவர்கள் முதலீட்டாளர் வெளியேற வேண்டும் எனப் பொதுவாகக் கோரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பணமும் வெற்றியும் வேண்டும், பெயர் மட்டும் நீங்க வேண்டும் என்பதே பெரும்பான்மையோரின் நிலைப்பாடு.

2020–21, 2021–22 பருவங்களின் ஆட்டங்கள், கோவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாகக் கோவாவில் பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டன. ஆகவே அரங்கைப் புறக்கணிக்கும் வழி அக்காலத்தில் பயன்படவில்லை. போராட்டம் தெருக்களிலும் சமூக வலைத்தளங்களிலும் தொடர்ந்தது. 2022இல் ஆட்டங்கள் கொல்கத்தாவுக்குத் திரும்பிய பின் பதாகைகளும் எதிர்ப்புக் கூட்டங்களும் மிகுந்தன.

2023ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், அணி பெங்களூரு எஃப்.சி.யைச் சமன்நீக்கி உதைகளில் வென்றது. வெற்றிக்குப் பின் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா, அடுத்த பருவத்திலிருந்து பெயர் மாறும் என அறிவித்தார். அவ்வாண்டு சூன் 1 முதல் மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

இதில் ஓர் இருமை உள்ளது. "சூப்பர் ஜயண்ட்" என்பது அதே குழுமத்தின் இலக்னோ துடுப்பாட்ட அணியும் தாங்கிய பெயர். அதாவது, முதலீட்டாளரின் ஒரு வணிகப் பெயர் நீங்கி மற்றொன்று வந்தது. எனினும் வேறொரு கழகத்தின் பெயர் நீங்கியதையும், "மோகன் பகான்" என்பது முன்னால் வந்ததையும் இரசிகர்கள் வெற்றியாகவே கொண்டாடினர். பங்குகளின் பகிர்வில் இப்பெயர் மாற்றத்தால் எம்மாற்றமும் ஏற்படவில்லை.

ஈஸ்ட் பெங்கால்: 2021ஆம் ஆண்டுப் போராட்டம்

ஈஸ்ட் பெங்கால் 2018ஆம் ஆண்டு குவெசு கார்ப் நிறுவனத்திற்கு 70 விழுக்காட்டுப் பங்குகளை அளித்தது. 2018–19 ஐ-லீக் பருவத்தில் அவ்வணி சென்னை சிட்டி எஃப்.சி.யிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் குவெசு விலகியது. அண்டைக் கழகம் சூப்பர் லீக்கில் நுழைந்துவிட்ட நேரத்தில், ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளர் இன்றி நின்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜியின் முன்னிலையில் சிறீ சிமெண்ட் நிறுவனம் புதிய முதலீட்டாளராக அறிவிக்கப்பட்டது.

அப்போது கையெழுத்தானது முதனிலை உடன்படிக்கை மட்டுமே. இறுதி ஒப்பந்தத்தின் விதிகள் முதனிலை உடன்படிக்கையிலிருந்து வேறுபடுகின்றன என்றும், உறுப்பினர் உரிமைகளைப் பறிக்கின்றன என்றும் கூறிக் கழக நிருவாகிகள் கையெழுத்திட மறுத்தனர். கையெழுத்து இன்றி மேலும் பணம் செலவிட இயலாது என முதலீட்டாளர் கூறினார். 2021–22 பருவத்திற்கு ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பணி தடைப்பட்டது.

2021ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள், கொல்கத்தா மைதானப் பகுதியில் உள்ள கழகக் கூடாரத்தின் முன் இரசிகர்கள் திரண்டனர். கையெழுத்திடுக, இல்லையேல் பதவி விலகுக என ஒரு பிரிவினர் நிருவாகிகளுக்கு எதிராக முழங்கினர். கழகத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது என மற்றொரு பிரிவினர் நிருவாகிகளுக்கு ஆதரவாக நின்றனர். இரு பிரிவினருக்கும் இடையே கைகலப்பு ஏற்படவே, காவல்துறையினர் தடியடி நடத்தினர். பலர் காயமுற்றனர், சிலர் காவலில் வைக்கப்பட்டனர்.

ஆகத்து 25ஆம் நாள், முதலமைச்சரின் தலையீட்டினால் அணி அப்பருவத்தில் ஆடும் என அறிவிக்கப்பட்டது. இறுதி ஒப்பந்தம் அப்போதும் கையெழுத்தாகவில்லை. அவசரமாகச் சேர்க்கப்பட்ட அணி, 11 அணிகள் கொண்ட தொடரில் கடைசி இடத்தைப் பெற்றது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் சிறீ சிமெண்ட் விளையாட்டு உரிமைகளைக் கழகத்திடம் திருப்பி அளித்து விலகியது. மே மாதத்தில் இமாமி குழுமத்தின் வருகை அறிவிக்கப்பட்டு, ஆகத்து 2ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணி 2024ஆம் ஆண்டு சனவரியில் சூப்பர் கோப்பையை வென்றது.

ஆக, ஈஸ்ட் பெங்காலில் உரிமை மாற்றத்திற்கு நேரடிக் காரணம் போராட்டம் அன்று, கையெழுத்தாகாத ஒப்பந்தமே. போராட்டம் செய்தது, அரசின் தலையீட்டை விரைவுபடுத்தி, ஒரு பருவத்தைக் காப்பாற்ற உதவியது எனலாம்.

தென்னிந்தியாவில்

கேரளா பிளாசுடர்சு அணியின் மஞ்ஞப்படை என்ற இரசிகர் அமைப்பு, 2024–25 பருவத்தில் தொடர் தோல்விகளை அடுத்து நிருவாகத்திற்கு எதிராகப் போராட்டம் அறிவித்தது. நுழைவுச்சீட்டு விற்பனையில் பங்கேற்கவும் மறுத்தது. அப்பருவத்தில் உரிமையாளர் மாறவில்லை.

தமிழ்நாட்டில் இரு கழகங்கள் நோக்கத்தக்கவை. 2014இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்.சி., தொடக்கம் முதலே நிறுவனக் கழகம். 2015, 2017–18 ஆகிய இரு பருவங்களில் வாகை சூடியது. சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஆனால் தனியார் உரிமையில் இருந்த அக்கழகம், 2020–21 பருவத்திற்குப் பின் அத்தொடரில் இடம்பெறவில்லை. உரிமையாளரைத் தவிர கழகத்தை ஏற்று நடத்த உறுப்பினர் அமைப்பு இல்லாதவிடத்து, பட்டம் வென்ற அணியும் மறையக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பிற நாடுகளில்

லிவர்பூல் (இங்கிலாந்து): அமெரிக்க உரிமையாளர்களான இக்சு, கில்லெட் ஆகியோருக்கு எதிராக இரசிகர்கள் 2008ஆம் ஆண்டு சங்கம் அமைத்துப் போராடினர். 2010 அக்டோபரில் கழகம் விற்கப்பட்டது. கடன் கொடுத்த வங்கியின் நெருக்குதலும் நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு உடனடிக் காரணங்கள்.

பிளாக்பூல் (இங்கிலாந்து): இரசிகர்கள் பல ஆண்டுகள் சொந்த அரங்கையே புறக்கணித்தனர். பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில் உரிமையாளர் தோற்றார். 2019இல் நீதிமன்றம் அமர்த்திய அலுவலர் பொறுப்பேற்று, கழகம் விற்கப்பட்டது.

பிளாக்பர்ன் ரோவர்சு (இங்கிலாந்து): 2010இல் இதை வாங்கியது புனேயைச் சேர்ந்த வெங்கீசு குழுமம். 2012இல் அணி முதல்நிலைத் தொடரிலிருந்து இறங்கியது. கோழித் தொழில் நடத்தும் உரிமையாளர்களைக் குறித்து, அவ்வாண்டு ஓர் ஆட்டத்தின்போது களத்தில் கோழி ஒன்று விடப்பட்டது. கடும் எதிர்ப்பு இருந்தும், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேலாக உரிமை மாறவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் (இங்கிலாந்து): 2005 முதல் கிளேசர் குடும்பத்திற்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. 2021 மே 2ஆம் நாள் இரசிகர்கள் களத்தில் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. 2024இல் சிறுபான்மைப் பங்கு விற்கப்பட்டபோதும், பெரும்பான்மை வாக்குரிமை அக்குடும்பத்திடமே இருந்தது.

விம்பிள்டன் (இங்கிலாந்து): கழகத்தை வேறு நகருக்கு மாற்ற 2002இல் ஒப்புதல் கிடைத்தபோது, இரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற சொந்தக் கழகத்தைத் தொடங்கினர். அது 2011இல் தொழில்முறைத் தொடரை எட்டியது.

பார்செலோனா (எசுப்பானியா): 2020இல் 20,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்குக் கையெழுத்திட்டதை அடுத்து, தலைவர் பர்தொமேயு வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார்.

வெற்றி தோல்விக்கான காரணங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து சில பொதுக் கூறுகளை உணரலாம். உறுப்பினருக்கு வாக்குரிமை உள்ள இடத்தில் எதிர்ப்பு நேரடியாகத் தலைமையை மாற்றுகிறது. வாக்குரிமை இல்லாத இடத்தில், கடன், வழக்கு, ஒப்பந்த முறிவு போன்ற வேறொரு நெருக்கடி சேர்ந்தால் மட்டுமே உரிமை மாறுகிறது. பெயர், சின்னம் போன்றவற்றில் இரசிகர்கள் வெல்வது எளிது. ஏனெனில் விட்டுக்கொடுப்பதால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு சிறிது, கிடைக்கும் நல்லெண்ணம் பெரிது.

இந்தியச் சூழலில் மேலும் ஒரு தடை உண்டு. கழகங்கள் நுழைவுச்சீட்டு வருவாயைவிட உரிமையாளரின் பணத்தையே பெரிதும் நம்பியுள்ளன. எனவே புறக்கணிப்பு உரிமையாளரை வருத்துவதைவிட, அவர் விலகுவதற்குக் காரணமாகிவிடும் என்ற அச்சம் இரசிகர்களிடையே நிலவுகிறது. 2021இல் ஈஸ்ட் பெங்கால் இரசிகர்கள் இரண்டாகப் பிளவுபட்டதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட கால்பந்து நிருவாகச் சட்டம், தனி ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தியதுடன், கழகத்தின் சின்னம், சீருடை நிறம் ஆகியவற்றை மாற்றுவதற்கு இரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்கிறது. மோகன் பகான் இரசிகர்கள் மூன்று ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டதை ஒத்த பாதுகாப்பு, அங்கு சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

மோகன் பகான்
ஈஸ்ட் பெங்கால்
இந்தியன் சூப்பர் லீக்
கொல்கத்தா கால்பந்துப் போட்டிமை
சென்னையின் எஃப்.சி.