முதுகுன்றத்துப் பொன்னும் குறை எண்ணும்

இன்று பீங்கான் நகரம் என்று பேர்பெற்ற விருத்தாசலத்துக்குத் தேவாரம் வழங்கும் பெயர் திருமுதுகுன்றம். இவ்வூரில் சுந்தரர் இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்றும், அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. பக்தியின் கதையாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். சற்றுக் கணக்கரின் கண்கொண்டும் பார்க்கலாம். ஆற்றங்கரையில் சுந்தரரின் கை வெறுமையாயிற்று, கணக்கு வெறுமையாகவில்லை. இறைவன் பேரில் 12,000 பொன் கடனாக நின்றது. அடியாருக்கு வரவேண்டியது எதுவோ அதுவே ஆண்டவன் தரவேண்டியது. (ஆண்டவனையே நம்பினாலும் சுந்தரர் பொன்னில் ஒரு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.)

குறை எண் கணிதத்துக்குள் நுழைந்த வாசலும் இந்தக் கடன்தான். கி.பி. 628-இல், இன்றைய ராஜஸ்தானில் பின்மால் எனப்படும் பில்லமாலத்தில் இருந்த பிரம்மகுப்தர், தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தின் 18-ஆம் அத்தியாயத்தில் மிகை எண்ணைத் 'தனம்' என்றும் குறை எண்ணை 'ருணம்' என்றும் குறித்தார். செல்வம், கடன் என்பதே பொருள். சீனர் அவருக்கு முன்பே சிவப்பு, கறுப்புக் குச்சிகளால் இவ்விரண்டையும் கூட்டிக் கழித்திருந்தனர். ஆயினும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் யாவற்றுக்கும், சூனியத்தையும் சேர்த்து, விதிகளை ஒழுங்காக வகுத்த பெருமை பிரம்மகுப்தருடையது. சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியம் என்று அவர் எழுதியது மட்டும் நிலைக்கவில்லை.

500 ரூபாய் கையிருப்பும் 800 ரூபாய் கடனும் சேர்ந்தால் 300 ரூபாய் கடன். மாதம் 300 வீதம் மூன்று மாதம் கடன் வாங்கினால் 900 ரூபாய் கடன். இதுவரை செட்டியார் கடைப் பேரேடே போதும். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை என்னும் விதியில்தான் பேரேடு கையை விரிக்கிறது. பிரம்மகுப்தர் விதியைச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. நம் வகுப்பறைகளிலும் பெரும்பாலும் அது வாய்பாடாகவே ஓதப்படுகிறது. ஏன் என்று கேட்கத் துணியாத பிள்ளை, தனக்குக் கணக்கு வராது என்று அன்றே முடிவுகட்டிவிடுகிறது. கேட்கத் துணிந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால். 10,000 பிராங்கு கடனை 500 பிராங்கு கடனால் பெருக்கினால் ஒருவனுக்கு எப்படி 50 லட்சம் பிராங்கு சொத்து வரும் என்று இளமையில் தாம் குழம்பியதையும், ஆசிரியர்களிடம் தக்க விளக்கம் கிடைக்காததையும் அவர் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார்.

தயங்கியவர்களில் மேதைகளும் உண்டு. 1150-இல் இயற்றப்பட்ட பீஜகணிதத்தில் இரண்டாம் பாஸ்கரர் ஒரு குரங்குக் கணக்கு தருகிறார். ஒரு குரங்குக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, மீதியின் வர்க்கம் எவ்வளவோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போயின. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. கூட்டம் எத்தனை? விடை 50, இன்னொரு விடை 5. ஐந்தில் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்று போனால் −2. அதன் வர்க்கம் 4. கிளைக் குரங்கோடு 5. விதிப்படி ஒரு பிசகும் இல்லை. ஆனால் பாஸ்கரர் இதைத் தள்ளிவிடுகிறார். குறையாக நிற்கும் எண்ணிக்கையை உலகம் ஏற்பதில்லை என்பது அவர் வாதம். இத்தனைக்கும் அவருடைய லீலாவதியில் 10, 17, 9 என்னும் பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில், 9 என்னும் அடிப்பக்கத்தின் ஒரு துண்டு −6 என்று வரும்போது, அது எதிர்த்திசையில் கிடக்கிறது என்று தயங்காமல் ஏற்றுக்கொள்கிறார். திசை உண்டு கோட்டுக்கு, குரங்குக்கு ஏது?

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர், 1600-ஐ ஒட்டிப் பீஜகணிதத்துக்குப் பீஜபல்லவம் என்னும் உரை கண்ட கிருஷ்ண தைவக்ஞர். குறை என்பது இடத்தாலும் காலத்தாலும் பொருளாலும் ஆக மூவகைப்படும் என்றார் அவர். நம் பார்வையில் உரையாசிரியர் மூலநூலாரை மிஞ்சிய இடங்களுள் இது ஒன்று. கடன் பொருளால் வந்த குறை. முக்கோணத் துண்டு இடத்தால் வந்தது. காலத்தால் வருவதைக் காண விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றின் அருகே நின்றால் போதும். சுட்டு முடித்த சூளையை மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பண்டம் விரிசல் விடும். மணிக்கு 20 டிகிரி வீதம் சூடு இறங்குவதாகக் கொள்வோம். அந்த வீதம் −20. இன்னும் 3 மணி நேரம் சென்றால் இப்போதையதைவிட 60 டிகிரி குறைவு. 3 மணி நேரத்துக்கு முன், அதாவது −3 என்னும் நேரத்தில், சூடு எவ்வளவு? இப்போதையதைவிட 60 டிகிரி கூடுதல். குறையைக் குறையால் பெருக்கினோம், மிகை வந்துவிட்டது.

உவமை வேண்டாதவருக்கு வேறு வழியும் உண்டு. 4-உம் −4-உம் சேர்ந்தால் சூனியம். அதை −3-ஆல் பெருக்கினாலும் சூனியமே. 4-ஐ −3-ஆல் பெருக்கினால் −12 என்பதை ஒப்புக்கொண்ட பிறகு, −4-ஐ −3-ஆல் பெருக்கி வருவது 12-ஆக இருந்தாலன்றி அந்தச் சூனியம் கிட்டாது.

ஸ்தாந்தாலின் குழப்பம் விதியில் இல்லை, கேள்வியில் இருந்தது. கடனைக் கடனால் பெருக்குவது என்று உலக வழக்கில் ஒரு செயல் கிடையாது. பெருக்குகின்ற எண் எத்தனை முறை என்பதைத்தான் சொல்லும். 500 பிராங்கு கடனை ஒருவன் தலையிலிருந்து பத்து முறை இறக்கினால், அவன் 5,000 பிராங்கு மேலேறியிருப்பான்.